12ஆம் மாடிக் கறிவேப்பிலை ஏன் தலையெடுக்க மாட்டேன் என்கிறது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். கோலாலம்பூரில் 12ஆவது மாடி கொண்டோ, வடக்குப் பார்த்த பால்கனி. எட்டு மாதத்துக்கு முன் நர்சரியில் வாங்கிய கறிவேப்பிலைக் கன்றை, கறுப்புப் பையை மட்டும் கிழித்துவிட்டு, மண்கட்டியைக் கலைக்காமல் பெரிய பூச்சாடியில் வைத்து, சுற்றிலும் தென்னைநார்த் தூள் நிரப்பினீர்கள். காலையும் மாலையும் தண்ணீர். மாமியார் சொன்னபடி வாரம் ஒருமுறை புளித்த மோர். இலை மஞ்சளடிக்கிறது, கொழுந்து சுருள்கிறது, தொட்டால் பிசுபிசுக்கிறது, எறும்பு ஏறுகிறது. பக்கத்துத் தாமானில் (தரைவீடுகள் உள்ள குடியிருப்பில்) அக்கா வீட்டு மரமோ யாரும் கவனிக்காமலேயே கூரையைத் தொடுகிறது. எந்த உரம் போட்டால் சரியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். உரத்தைப் பற்றிய கேள்வி மாதிரித் தெரிந்தாலும், உள்ளே இருப்பது "இவ்வளவு கொடுத்தும் ஏன் தேறவில்லை" என்ற கேள்வி. அதற்கான விடை வேரிலும் வெயிலிலும் இருக்கிறது. உரம் கடைசியில்தான் வரும்.

நேரில் பார்க்காமல் சொல்வதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழுந்து சுருள்வதற்கும் பிசுபிசுப்புக்கும் காரணம் பூச்சி. அதில் சந்தேகமே வேண்டாம். இலை மஞ்சளாவது வேர் மூச்சுமுட்டுவதால் என்பது பலமான ஊகம். ஊகத்தை உறுதிசெய்ய உங்கள் சமையலறையிலேயே கருவி இருக்கிறது, ஒரு சாத்தே குச்சி, அதாவது இறைச்சித் துண்டு கோத்துச் சுடும் மூங்கில் குச்சி. தண்ணீர் ஊற்றுவதற்கு முன், தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி, சாடியின் அடிவரை குச்சியைச் செருகுங்கள். பத்து நிமிடம் விட்டு உருவிப் பாருங்கள். மேல் பாதி காய்ந்தும் அடிப்பாதி கறுத்து ஈரமாகவும் வந்தால், முகர்ந்து பாருங்கள். நல்ல மண்ணில் மழை பெய்த வாசம் வரும். அடைபட்ட சாக்கடை வாடை வந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. பிறகு இரண்டாவது குச்சியைத் தண்டை ஒட்டிச் செருகுங்கள். அது உள்ளே இறங்க மறுத்தால், பையோடு வந்த களிமண் கட்டி இன்னும் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் கட்டிதான் பல பால்கனிச் செடிகளுக்கு எமன். நம் ஊர் நர்சரிகளில், சுங்கை பூலோ வரிசைக் கடைகளானாலும் சரி, சந்தையோரக் கடையானாலும் சரி, கன்றுகள் பெரும்பாலும் கெட்டியான செம்மண்ணில் வளர்ந்தவை. வெட்டவெளியில், வெயிலும் மழையும் மாறிமாறி வரும் இடத்தில் அந்த மண் பரவாயில்லை. அதைத் தென்னைநார்த் தூளுக்கு நடுவில் புதைக்கும்போது ஒரே சாடிக்குள் இரண்டு உலகம் உண்டாகிறது. ஊற்றும் தண்ணீர் லேசான தூள் வழியாக ஓடி இறங்கும், கட்டிக்குள் மெதுவாகத்தான் போகும். போனபின் எளிதில் வெளியே வராது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், வேர் இருக்கும் இடமோ சேறு. நீங்களும் காய்ந்துவிட்டதே என்று மறுபடி ஊற்றுவீர்கள். வேருக்குத் தண்ணீர் வேண்டும், காற்றும் வேண்டும். காற்று போகாத வேரால் மண்ணில் இருக்கும் இரும்புச்சத்தைக்கூட எடுக்க முடியாது. சேற்றில் நிற்கும் செடி பட்டினி கிடக்கும் செடி மாதிரியே மஞ்சளாவது இதனால்தான். அந்த நேரத்தில் உரம் போட்டால் புண்ணில் உப்பு வைத்த கதை.

தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துத் தினம் இருவேளை ஊற்ற ஆரம்பித்தீர்கள் என்றால் உங்களைக் குறை சொல்ல முடியாது. மதுரை மொட்டைமாடியில் சித்திரை வெயிலுக்கு அது சரி. இங்கே காற்றிலேயே ஈரம். மேல்மாடிக் கூரை நிழலில் சாடி காய மூன்று நாளாகும். இன்னொரு வேறுபாடும் உண்டு. அங்கே மார்கழி, தைக் குளிரில் கறிவேப்பிலை தூங்கும், அது இயல்பு. கோலாலம்பூரில் அப்படி ஒரு பருவமே கிடையாது. இரண்டு மூன்று மாதம் ஒரு கொழுந்தும் விடவில்லை என்றால் "சீசன் இல்லை" என்று விட்டுவிடாதீர்கள்.

சாடியை மாற்றும் முறை இது. 25 முதல் 30 சென்டிமீட்டர் வாயகலம் போதும்; செடி சின்னது, சாடி பெரியது என்றால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கிப் புளிக்கும். அடியில் குறைந்தது நான்கைந்து ஓட்டைகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுழையும் அளவில். அடியில் கல்லோ ஓட்டுச் சில்லோ போடும் பழக்கத்தை விட்டுவிடலாம். மண்ணின் அடிப்பகுதியில் எப்போதும் ஒரு படலம் தண்ணீர் தேங்கி நிற்கும். கல் போட்டால் அந்தப் படலம் கல்லுக்கு மேலே, வேருக்கு இன்னும் அருகில் வந்து நிற்கும். ஓட்டையை மறைக்க ஒரு துண்டு கொசுவலை போதும். கலவைக்கு, பையில் விற்கும் கறுப்பு மண் இரண்டு பங்கு, கழுவிய பருமணலோ பெர்லைட்டோ (லேசான வெள்ளைக் கல்துகள்) ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. உமிக்கரி கிடைத்தால் இரண்டு கையளவு சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். அது மண்ணைக் காரத்தன்மைப் பக்கம் தள்ளும், கறிவேப்பிலைக்குச் சற்றே புளிப்பான மண்தான் தோது. கலந்ததை ஒரு பிடி எடுத்து நனைத்து இறுக்குங்கள். கையைத் திறந்ததும் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். கொழுக்கட்டை மாதிரி நின்றால் இன்னும் மணல் தேவை.

செடியை எடுத்து, மண்கட்டியோடு ஒரு வாளித் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவையுங்கள். பிறகு விரலாலும் அதே சாத்தே குச்சியாலும் வெளிப்புறக் களிமண்ணை மூன்றில் ஒரு பங்கு, அதிகம் போனால் பாதி, கரைத்து விடுங்கள். முழுக்க அலசி வேரை நிர்வாணமாக்க வேண்டாம். உறிஞ்சும் வேர்கள் மயிரிழை போன்றவை, அவை அறுந்தால் செடி மீள நாளாகும். வேரைப் பாருங்கள். வெளுத்தோ இளம்பழுப்பாகவோ, கிள்ளினால் விறைப்பாகவும் இருந்தால் நல்லது. கறுத்து, இழுத்தால் தோல் மட்டும் உருவி உள்ளே நூல் நிற்கிறதென்றால் அழுகல். நல்ல பகுதி தெரியும்வரை சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டுங்கள். வேரில் எவ்வளவு போனதோ ஏறக்குறைய அவ்வளவு மேலேயும் வெட்ட வேண்டும். மனசு வராது, ஆனால் பாதி வேரால் முழுத் தலையைத் தாங்க முடியாது. பழைய மண்மட்டம் எங்கே இருந்ததோ அங்கேயே புது மட்டமும் இருக்கட்டும், தண்டைப் புதைக்காதீர்கள். பையில் நாலைந்து கன்று சேர்ந்து இருந்தால் இதுதான் பிரிக்கும் நேரம். நர்சரிக்காரர்கள் பலமாகத் தெரிய வேண்டும் என்று ஒரே பையில் பல விதை போட்டிருப்பார்கள். பிரிக்கும்போது வேர் சிக்கிக்கொண்டால் இழுக்காமல், பலமான ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றதை மண்மட்டத்தில் வெட்டிவிடுங்கள். ஒரு வாரம் வெளிச்சமான நிழல். நான்கு வாரம் எந்த உரமும் கிடையாது, மோரும் கிடையாது.

இனி கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். குச்சி பாதி ஆழத்தில் மண் ஒட்டாமல் வந்தால் ஊற்றுங்கள். ஊற்றினால் அடியில் வழியும்வரை ஊற்றுங்கள். சாடியின் கனத்தைக் கை பழகிக்கொண்டால் ஒரு மாதத்தில் குச்சியும் வேண்டாம், ஒரு பக்கம் லேசாகச் சாய்த்துப் பார்த்தாலே தெரியும். வழிந்த தண்ணீரை அடித்தட்டில் விடவே கூடாது. வேருக்காக மட்டும் சொல்லவில்லை. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழெட்டு நாள் போதும். முட்டை தட்டின் ஓரத்தில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொள்ளும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சுகாதாரத் துறையினர் சோதனைக்கு வந்து புழு கண்டால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி 500 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் எழுதுவார்கள். எறும்பு ஏறாமல் இருக்கச் சாடியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் பழைய வழியும் இதனால்தான் இங்கே ஆகாது. சாடியின் வாயோரம் விரலகலத்துக்கு வாஸ்லின் தடவினால் அதே வேலை நடக்கும்.

வெயில் விஷயத்தில் வடக்குப் பால்கனிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே இருக்கிறது. அதனால் சூரியன் ஆண்டில் பாதி நமக்கு வடக்கே, பாதி தெற்கே போகும். மார்ச் கடைசி வாரத்தில் நம் தலைக்கு நேர் மேலே வந்து வடக்கே நகரும், செப்டம்பர் நடுவில் திரும்பி வந்து தெற்கே போகும். உங்கள் பால்கனியில் பங்குனி நடுவிலிருந்து ஆவணி முடிய நேர்வெயில் எட்டிப் பார்க்கும். அதன்பின் ஆறு மாதம் அநேகமாக ஒரு துளி விழாது. தெற்குப் பால்கனிக்காரர்களுக்கு இது தலைகீழ். வெயில் இருக்கும் காலத்திலும் மேல்வீட்டுத் தளம் மறைக்கும். மூன்று மீட்டர் உயரப் பால்கனியில் ஜூன் மாத நண்பகல் வெயில்கூட வெளி விளிம்பிலிருந்து சுமார் ஒரு மீட்டர்தான் உள்ளே வரும். சாடி கைப்பிடிச் சுவரை ஒட்டி, முடிந்தால் ஒரு முக்காலி மேல் இருக்க வேண்டும். சுவரின் மேலோ வெளிப்பக்கமோ ஒருபோதும் வேண்டாம். நனைந்த 30 சென்டிமீட்டர் சாடி 20 கிலோவைத் தாண்டும், கீழே ஆள் நடக்கிறார்கள்.

கறிவேப்பிலை தழைக்க ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் வேண்டும். மூன்று மணி நேரத்தில் உயிரோடு இருக்கும், ஆனால் தண்டு மெலிந்து கணு நீண்டு, வாசமும் மட்டுப்படும். உங்கள் வீட்டில் கிழக்குப் பார்த்த ஜன்னலோ, துணி காயப்போடும் பின்புறத் திண்ணையோ இருந்தால் அதற்கே என் ஓட்டு. நம் ஊரில் மாலைவெயிலை நம்ப முடியாது, மத்தியானம் தாண்டினால் மேகம் கூடி இடிமழை கொட்டும் நாள்கள் ஏராளம். காலைவெயில்தான் தவறாமல் வரும். வேறு இடமே இல்லை என்றால், செப்டம்பருக்குப் பின் 20 முதல் 30 வாட் வெள்ளை எல்இடி விளக்கை நுனியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டி தினம் 12 மணி நேரம் எரியவிடலாம். மரமாகாது, ரசத்துக்குத் தாளிக்க இலை கிடைக்கும்.

பூச்சிக்கு வருவோம். கொழுந்தை ஒடித்து வெள்ளைத்தாளில் வைத்து, கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளத்தில், பழுப்புப் புள்ளியோடு, தலையைத் தாழ்த்தி பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவை சிலிட் பூச்சிகள். மடிந்த கொழுந்துக்குள் மஞ்சள் மணிகளாக அவற்றின் முட்டைகள். தட்டையான மஞ்சள் குஞ்சுகளின் பின்னால் வெள்ளை மெழுகு நூல் தொங்கும். அவை சாற்றை உறிஞ்சுவதால் கொழுந்து சுருள்கிறது. கழிக்கும் இனிப்புநீர்தான் உங்கள் பிசுபிசுப்பு. அதைத் தேடித்தான் எறும்பு வருகிறது. அதிலேதான் பிறகு கரும்பூசணம் படரும். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி என்பதால் இந்தப் பூச்சி இரண்டுக்கும் பொது, எலுமிச்சை வகைகளுக்கு, பழம் சரியாகப் பழுக்காமல் பச்சையாகவே நிற்கும் பச்சையாதல் நோயைக் கொண்டுபோவதும் இதுதான். சீனப் புத்தாண்டுக்கு வாங்கி, முடிந்ததும் நடைபாதை ஓரத்தில் கைவிடப்படும் ஆரஞ்சுச் சாடிகள் இதற்கு நல்ல நாற்றங்கால். உங்கள் தளத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். சமையலுக்கு லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை) வளர்த்தால் அதைக் கறிவேப்பிலையோடு ஒட்டி வைக்காதீர்கள்.

வழி எளிது, பொறுமைதான் வேண்டும். சுருண்ட நுனிகளை நான்கு விரல் நீளம் வெட்டி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். அதிலேயே பாதிக்கு மேல் போய்விடும். மீதியை இலையின் அடிப்புறம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சாதாரண திரவ சோப்பு, வெயில் தாழ்ந்தபின், இலை நனைந்து வழியும்வரை. சோப்பு பூச்சியின் மேல் நேரடியாகப் பட்டால்தான் கொல்லும், காய்ந்தபின் அதற்கு வேலை இல்லை. ஆறு நாளைக்கு ஒருமுறை, மூன்று தடவை. இடையில் பொரிக்கும் முட்டைகளுக்காகத்தான் மூன்று தடவை. முதல் தடவையில் நிறுத்துகிறவர்கள்தான் "சோப்பு வேலை செய்யவில்லை" என்பார்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம், ஆனால் கசப்பு ஒட்டும், ஒரு வாரம் பறிக்காமல் விட்டு நன்றாகக் கழுவ வேண்டும். ஹார்ட்வேர் கடையில் தரும் ஊடுருவும் பூச்சிமருந்துகளை இதற்கு அடிக்காதீர்கள். இலைக்குள் ஏறும் மருந்தைக் கழுவி எடுக்க முடியாது, நாம் தின்பதோ இலையை. பறவை எச்சம் மாதிரி ஒரு புழு, பிறகு பச்சையாகி, தொட்டால் தலையிலிருந்து கொம்பு நீட்டி நாற்றமடித்தால், அது வண்ணத்துப்பூச்சிப் புழு. சின்னச் செடியை இரண்டு நாளில் மொட்டையடிக்கும். கையால் எடுத்தால் போதும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒன்றை மட்டும் ஒரு பாட்டிலில் இலையோடு வைத்துப் பாருங்கள், பள்ளிப் புத்தகத்தைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

மோரைப் பற்றி மாமியாரோடு வாக்குவாதம் வேண்டாம், அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தயிருக்குச் சமபங்கு தண்ணீர் விட்ட மோர் 100 மில்லியில் சுமார் கால் கிராம் தழைச்சத்து இருக்கும். அது 15:15:15 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் ஒவ்வொன்றும் 15 சதவீதம்) ஒன்றரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஆகவே மோர் உணவுதான், ஐயமில்லை. அதன் புளிப்பு மண்ணையே மாற்றிவிடும் என்பதை நான் அவ்வளவாக நம்பவில்லை. அந்த அமிலத்தை மண்ணின் நுண்ணுயிர்கள் சீக்கிரமே தின்று தீர்த்துவிடும். ஆனால் அப்படித் தின்னும்போது அவை மண்ணின் காற்றையும் செலவழிக்கின்றன. தாமானில் அக்கா வீட்டு மரத்தடியில் அது பிரச்சினையே இல்லை. ஏற்கெனவே மூச்சுமுட்டும் உங்கள் சாடியில் அது இன்னொரு கை கழுத்தை நெரிப்பது போல. மாற்றிய செடி கொழுந்துவிட்டபின், உப்பு போடாத, தாளிக்காத மோரைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு குவளை ஊற்றலாம்.

நீங்கள் கேட்ட உரம் என்றால், கடையில் பச்சை உரம் என்று தரும் 15:15:6:4 (நான்காவது எண் மக்னீசியம்) இலைப் பயிருக்குப் பொருந்தும். 15:15:15ஐயும் குறை சொல்ல மாட்டேன். 30 சென்டிமீட்டர் சாடிக்கு மாதம் அரைத் தேக்கரண்டி, தண்டை விட்டுத் தள்ளி ஓரமாகத் தூவி, ஈரமண்ணில் மட்டும். நீல உரம் 12:12:17:2 பூ, காய்க்கானது, இதற்கு வேண்டியதில்லை. கோழி எரு நல்லதுதான், மூடிய பால்கனியில் அதன் மணத்தை அண்டைவீட்டார் மன்னிக்க மாட்டார்கள். அடி இலை மட்டும் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, அல்லது வெறும் முதுமை. புதுக் கொழுந்து நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் வந்தால் இரும்பு; வேர் தேறினால் பெரும்பாலும் தானே சரியாகும், தேறி ஒரு மாதமாகியும் மாறாவிட்டால்தான் இரும்புச் செலேட் (வேர் எளிதில் எடுக்கக்கூடிய வடிவில் உள்ள இரும்பு) வாங்குங்கள்.

பறிப்பதும் வளர்ப்பதன் பகுதிதான். அடியிலிருந்து ஒவ்வொரு இணுக்காக உருவிக்கொண்டே போனால் செடி தென்னைமரம் மாதிரி உயர்ந்து உச்சியில் மட்டும் குடை விரிக்கும். முழங்கால் உயரம் தாண்டியதும் நுனியை ஒரு கணுவுக்கு மேல் வெட்டுங்கள், கீழே இரண்டு மூன்று கிளை வெடிக்கும். பிறகு எப்போதும் கிளைநுனியோடு மூன்று நான்கு இணுக்கு சேர்த்து வெட்டிச் சமையலுக்கு எடுங்கள். பூங்கொத்து வந்தால் கிள்ளிவிடுங்கள். ஒரே சமயத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம்.

சாடி மாற்றி ஆறு வாரமாகியும் கொழுந்து இல்லை, தண்டை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை இல்லை, பழுப்புதான் என்றால் அந்தச் செடியை விட்டுவிடலாம். அப்போது நர்சரிக்குப் போகாமல் அக்கா வீட்டுக்குப் போங்கள். மரத்தைச் சுற்றி வேரிலிருந்து கிளம்பிய கன்றுகள் கட்டாயம் இருக்கும். ஒரு சாண் உயரமுள்ளதாகப் பார்த்து, தாய்வேரில் ஒரு துண்டோடு வெட்டி எடுத்து, இலையில் பாதியைக் கழித்துவிட்டு மேலே சொன்ன கலவையில் நடுங்கள். பழம் கறுத்துப் பழுத்திருந்தால் சதையை நீக்கிக் கழுவி ஒரு வாரத்துக்குள் விதைத்துவிடுங்கள். காயவைத்து எடுத்துவைத்த விதை முளைக்காது. கிளையை ஒடித்து நடுவது மட்டும் வேண்டாம், பத்தில் ஒன்று பிடித்தாலே அதிர்ஷ்டம்.